இன்சுலினுக்குச் சட்டம் போடுவது எப்படி?

அமெரிக்காவில் ஏதோ ஒரு மாநிலத்தின் சட்டமன்றத்துக்கு நீங்கள் புதிதாகத் தேர்வாகியிருக்கிறீர்கள். வாழ்த்துகள். மருந்து விலையைக் குறைப்பேன் என்று மேடைக்கு மேடை சொல்லி ஓட்டு வாங்கியாயிற்று. இனி ஏதாவது செய்தாக வேண்டும். அதே சமயம் மருந்துக் கம்பெனியும் மனம் கோணக் கூடாது, காப்பீட்டுக் கம்பெனியும் கோணக் கூடாது. கஷ்டம்தான், ஆனால் உங்களுக்கு முன்னால் போனவர்கள் பாதை போட்டு வைத்திருக்கிறார்கள்.

முதல் விதி, விலையைத் தொடாதீர்கள். ஹியூமலாக் இன்சுலின் 1996-ல் கடைக்கு வந்தபோது ஒரு குப்பி 21 டாலர். 2019-ல் 275 டாலர். குப்பிக்குள் இருப்பதென்னவோ அதே மருந்துதான். ஏன் ஏறியது என்று கேட்டால் தயாரிப்பாளர் நடுவே நின்று பேரம் பேசும் தரகரைக் கைகாட்டுவார், தரகர் காப்பீட்டுக்காரரைக் காட்டுவார், அவர் மறுபடி தயாரிப்பாளரைக் காட்டுவார். விசாரித்து முடிப்பதற்குள் உங்கள் பதவிக்காலம் முடிந்துவிடும்.

ஆகவே விலையை அதன் போக்கில் விட்டுவிட்டு, நோயாளி மருந்துக்கடையில் கையிலிருந்து கட்டும் பங்குக்கு மட்டும் உச்சவரம்பு வையுங்கள். கொலராடோ 2019-ல் அதைத்தான் செய்தது. நாட்டிலேயே முதல் சட்டம். மாதம் 100 டாலர். மிச்சத்தைக் காப்பீட்டுக் கம்பெனி கட்டும், பிறகு சத்தமில்லாமல் எல்லாருடைய பிரீமியத்திலும் ஏற்றிக்கொள்ளும். பெரிய கம்பெனிகள் ஊழியர்களுக்காகச் சொந்தப் பணத்தில் நடத்தும் காப்பீடுகளிடம் இந்த உச்சவரம்பு செல்லாது. 1974-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் குறுக்கே நிற்கிறது. காப்பீடே இல்லாதவருக்கோ சல்லிக்காசு பயனில்லை. இதையெல்லாம் நிருபர்களிடம் நீங்களாகப் போய்ச் சொல்ல வேண்டியதில்லை.

காப்பீடு இல்லாதவர்தான் உங்களுக்குப் பெரிய தலைவலி. மின்னசோட்டாவில் அலெக் ஸ்மித் என்ற இளைஞர் இருந்தார், உணவக மேலாளர். 26 வயதானதும் தாயின் காப்பீட்டிலிருந்து பெயர் நீங்கியது. அரசுக் காப்பீடு கிடைக்காத அளவுக்குச் சம்பளம் இருந்தது, மாதம் சுமார் 1,300 டாலருக்கு மருந்தும் சாமானும் வாங்கும் அளவுக்கு இல்லை. இருந்த இன்சுலினைக் குறைத்துக் குறைத்துப் போட்டுக்கொண்டார். ஒரு மாதம்கூட ஆகவில்லை. 2017 ஜூனில் அவருடைய வீட்டில் இறந்து கிடந்தார். அவருடைய தாய் நிக்கோல் ஸ்மித்-ஹோல்ட் சட்டமன்றத்துக்கு வந்தார். வந்தவர் போகவே இல்லை. இப்படிப்பட்டவர்களை எப்படிச் சமாளிப்பது என்பதற்கு இந்தக் கையேட்டில் வழி கிடையாது.

தள்ளிப்போட மட்டும் வழி உண்டு. விலை கட்டுப்படியாகாதவர்களுக்கு அவசரத்துக்கு இன்சுலின் தரும் திட்டம் மின்னசோட்டாவில் இரண்டு அவைகளிலும் ஆதரவு பெற்றும், 2019 மே மாதத்தில், கதவைச் சாத்திக்கொண்டு நடந்த கடைசி நேரப் பேச்சில் மசோதாவிலிருந்து காணாமல் போனது. கீழவை ஜனநாயகக் கட்சியிடம், மேலவை குடியரசுக் கட்சியிடம். பணத்தை யார் கொடுப்பது, மருந்து கடை வழியாகவா டாக்டர் வழியாகவா என்று மேலும் பல மாதம் பேசலாம். பேசினார்கள்.

கொள்ளைநோய் வந்தால் மட்டும் உஷார். 2020 மார்ச் 26 அன்று அதே சட்டமன்றம் 33 கோடி டாலர் கொரோனா நிவாரணத்தை ஒரே நாளில் நிறைவேற்றிவிட்டது. கிருமிக்காகப் பரிந்து பேச ஆள் வைத்த கம்பெனி எதுவும் இல்லை என்பதால் இருக்கலாம். வேலை போனால் காப்பீடும் கூடவே போகும் நாடு அது. ஊரே வேலையிழந்தபோது அலெக்கின் கதை பலருக்கும் சொந்தக் கதையாகிவிட்டது. ஏப்ரல் 14-ல் அந்த இன்சுலின் மசோதாவுக்கு மேலவையில் 67-0, கீழவையில் 111-22. மறுநாள் ஆளுநர் டிம் வால்ஸ் கையெழுத்துப் போட்டார். சட்டத்துக்கு அலெக்கின் பெயர்.

தோற்றாலும் உங்கள் கைவரிசைக்கு நிபந்தனைகளில் இடமுண்டு. கையில் ஏழு நாளுக்கும் குறைவான இன்சுலின் இருந்தால்தான் அவசரம். எட்டு நாள் மருந்து வைத்திருப்பவர் நாளை மறுநாள் வரட்டும். மருந்துச்சீட்டு, மாநிலத்தில் குடியிருப்பதற்கான அடையாள அட்டை, பூர்த்தி செய்த படிவம் மூன்றும் வேண்டும். இவையெல்லாம் சரியாக இருந்தால் 35 டாலருக்கு 30 நாள் மருந்து. பன்னிரண்டு மாதத்தில் ஒரு முறைதான் அவசரப்படலாம்.

மருந்து தராத கம்பெனிக்கு மாதம் 2 லட்சம் டாலர் அபராதம் என்றும் எழுதிவிட்டார்கள். கவலை வேண்டாம். சட்டம் ஜூலை 1-ல் நடைமுறைக்கு வர இருந்தது. ஜூன் 30 அன்றே மருந்துக் கம்பெனிகளின் சங்கம் மத்திய நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. ஈடு கொடுக்காமல் தனியார் சொத்தை அரசு பறிக்கிறதாம். இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் 1923-ல் காப்புரிமையை டொரன்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு எழுதிக்கொடுத்தவர்கள் என்பதை அந்த நேரத்தில் யாருக்கும் ஞாபகப்படுத்தாதீர்கள்.

கலிபோர்னியாபோல மாநிலமே தன் பெயரில் இன்சுலின் விற்கலாமே என்று யாராவது கிளம்பினால், அது அதிகப்படி. அங்கே 2020-ல் சட்டம் வந்தது, இன்சுலின் பேனா ஒன்று 11 டாலர் என்று விற்பனை 2026-ல்தான். அதற்குள் உங்களுக்கு எத்தனை தேர்தல்!

சில சமயம் கம்பெனியே இறங்கி வரும். 2023 மார்ச்சில் எலி லில்லி தன் முக்கிய இன்சுலின்களின் விலையை 70 சதவீதம் குறைப்பதாக அறிவித்தது. அப்படி ஒரு நாள் வாய்த்தால் உடனே நிருபர்களைக் கூப்பிட்டு, எல்லாம் உங்கள் முயற்சி என்று சொல்லுங்கள். முன்வரிசையில் நிக்கோல் உட்கார்ந்திருந்தால் கேள்வி நேரத்தைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளுங்கள்.