ஸ்நாப்ஷாட் பெயர்களில் புணர்ச்சி: ஓர் அறிமுகமும் சில மறுப்புகளும்

விஎம் ஸ்நாப்ஷாட் (ஒரு மெய்நிகர் கணினியின் அந்த நொடி நிலையை அப்படியே பிடித்துவைப்பது) பற்றி எழுதியவர்கள் எல்லாரும் அதை எப்படி எடுப்பது, எப்படி ரோல்பேக் செய்வது என்பதோடு நின்றுவிட்டார்கள். அதற்கு என்ன பெயர் வைப்பது என்ற தலையாய கேள்வியை யாரும் தொடவில்லை. அக்குறை இங்கே களையப்படுகிறது.

முதலில் சொல். ஸ்நாப்ஷாட் வேட்டைக்காரர்களின் சொல். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நின்று குறிபார்க்காமல் சட்டென்று சுடுவதற்கு ஆங்கிலேயர் வைத்த பெயர். 1860இல் ஜான் ஹெர்ஷல் அதைப் புகைப்படத்துக்கு எடுத்தாண்டார். தமிழில் 'நொடிப்பிடிப்பு' என்று ஆக்கிப் பார்த்தேன். சர்வர் ரூம் தம்பி, "யாருக்கு சார், சளிப்பிடிப்பு?" என்று கேட்டான். என் கலைச்சொல் பணி அன்றோடு முடிந்தது.

வகை இரண்டு. ரேமோடு எடுப்பது, ரேம் இல்லாமல் எடுப்பது. முன்னதற்குத் திரும்பினால் விஎம் தூங்கி எழுந்த மாதிரி விட்ட இடத்தில் தொடரும். பின்னதற்குத் திரும்பினால் கரன்ட் போய் வந்த மாதிரி முதலிலிருந்து பூட் ஆகும். ஸ்நாப்ஷாட் பேக்கப் ஆகாது. அதே டிஸ்கில் கிடப்பது டிஸ்கோடு போகும். இதில் ஆராய ஒன்றுமில்லை.

இனிப் பெயரியல். விஎம்களை நடத்தும் மென்பொருள்களில் எங்கள் அலுவலகம் ப்ராக்ஸ்மாக்ஸைச் சேர்ந்தது. வியன்னாவில் தோன்றி 2008 முதல் வழங்கிவரும் மரபு. இம்மரபில் ஸ்நாப்ஷாட் பெயர் எழுத்தில்தான் தொடங்க வேண்டும். நடுவில் இடைவெளி கூடாது. ஆகவே நிலைமொழியும் வருமொழியும் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் புணர்ந்தே தீரவேண்டும். ஒரே விஎம்மில் நான் கண்டெடுத்தவை: பிஃபோர்_அப்டேட், பிஃபோர்_அப்டேட்2, ஃபைனல், ஃபைனல்_நியூ, ஃபைனல்_ஒரிஜினல், டோண்ட்_டெலிட், டோண்ட்டெலிட், ஏஏஏ.

நடுவில் நிற்கும் அடிக்கோடு யாது? சாரியை என்பர் டெவலப்பர்கள். உடம்படுமெய் என்பர் நெட்வொர்க் மேசையார். 'டோண்ட்டெலிட்' அடிக்கோடின்றியும் வழங்குவதால் இயல்பு புணர்ச்சியே தொன்மையானது, அடிக்கோடு பிற்காலத்தது என்பது என் கொள்கை. இதற்கு மூலச்சான்று, ஒயிட்போர்டின் வலது மூலையில் வட்டமிட்டுப் பாதி அழிந்துபோன குறிப்பு (இனி 'ஒ.போ.'). ஒ.போ.வுக்கு உரையாக அமைந்தது, மானிட்டரிலிருந்து கழன்று விழுந்து, கீபோர்டுக்கு அடியில் முறுக்குத் தூளோடு கிடைத்த மஞ்சள் ஒட்டுத்தாள். அந்த ஒட்டுத்தாளின் ஜெராக்ஸைப் பார்த்ததாகச் சொன்னவரைத் தனக்குத் தெரியும் என்று ஒருவர் அனுப்பிய வாட்ஸாப் குரல்பதிவு, உரைக்கு உரை. நடுவே மூன்று குக்கர் விசில் வருவதால் முக்கியமான இரண்டு சொற்களுக்குப் பாடபேதம் உண்டு. நான் இதை முழுதாகக் கேட்கவில்லை. மேற்கோள் காட்டுவதற்கு அவ்வளவு தேவையில்லை என்பதைக் கருத்தரங்குகளில் கற்றிருக்கிறேன்.

'ஏஏஏ'யின் காலம் பற்றிப் பெரும் சர்ச்சை. எடுத்த நாளையும் நேரத்தையும் ப்ராக்ஸ்மாக்ஸ் பெயருக்குப் பக்கத்திலேயே காட்டும். ஆனால் அதைப் பார்த்துவிட்டால் கால ஆராய்ச்சிக்கு வேலை என்ன? எனவே பார்க்கவில்லை. மொழிநடையின் எளிமையைக் கொண்டு இதுவே அனைத்திலும் முந்தியது என்று நிறுவினேன். பின்னர் எட்டிப் பார்த்த தம்பி, "போன செவ்வாய்க்கிழமை சார்" என்றான். அவனுக்கு ஆய்வு நெறிமுறை தெரியாது.

இவ்வளவு வளமான மரபைக் கெடுக்க வந்தது ஒரு தானியங்கிக் கருவி: சிவி4பிவிஇ-ஆட்டோஸ்னாப். அதன் பெயரிலேயே புணர்ச்சி தோற்றுவிட்டதைக் காண்க. இதை, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் ஏற்றி, லேபிள் டெய்லி, கீப் 7 என்று சொல்லிவிட்டால் தினம் ஒன்று எடுத்துக்கொள்ளும். ஏழுக்கு மேற்பட்ட பழையதை இரக்கமின்றி அழித்துவிடும். பெயரும் தானே வைக்கும்: ஆட்டோடெய்லி, ஒட்டினாற்போல் ஆண்டிலிருந்து நொடிவரை எண்கள். ஆசிரியர் யார் என்ற விவாதம் இல்லை. பாடபேதம் இல்லை. ஒரு துறையே அழிந்துவிடுமோ என்று அஞ்சினேன்.

நல்லவேளை, கருவி தன் லேபிள் தாங்கியதை மட்டுமே அழிக்கும். மனிதர் கைப்பட வைத்த பெயரைத் தொடாது. போட்டி மென்பொருளான விஎம்வேர் மதத்தினரோ ஒரு ஸ்நாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைக்காதே என்கிறார்கள். ஸ்நாப்ஷாட் சங்கிலி 32 வரை போகலாம், ஆனால் இரண்டு மூன்று போதும் என்பது அவர்கள் சூத்திரம். ஓதுவோர் பலர்; ஒழுகுவோரை நான் கண்டதில்லை.

ஒரு நாள் நள்ளிரவில் ஸ்டோரேஜ் நிரம்பிச் சர்வர் படுத்துவிட்டது. இடத்தை அடைத்திருந்தது டோண்ட்_டெலிட். யார் எடுத்தது என்று அலுவலகம் முழுக்கக் கேட்டோம்; ஒருவரும் வாய் திறக்கவில்லை. தம்பி டிஸ்கிரிப்ஷன் கட்டத்தைத் திறந்து படித்தான்: "வெள்ளிக்கிழமைக்குள் அழித்துவிடவும்." கீழே என் இனிஷியல்.

அவ்வரி பிற்கால இடைச்செருகல் என்பது என் துணிபு.