அநியாய விலைக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர்? ஓர் உறுப்பியல் ஆய்வு

ஆய்வு நோக்கம்

விலை அநியாயம் என்று சொல்ல ஆங்கிலத்தில் எத்தனை சொற்கள் உள்ளன, அவற்றைச் சொன்னதால் விலை எவ்வளவு குறைந்தது என்னும் இரு வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கடைக்காரர் காதில் விழும்படி சொல்லப்பட்ட சொற்கள் போதிய அளவில் கிட்டாமையால், கடையை விட்டு வெளியே வந்தபின் சொல்லப்படுவனவே தரவுகளாகக் கொள்ளப்பட்டன.

இயல் 1: உறுப்பியல்

விலை ஏறினால் ஆங்கிலம் பேசுவோர் முதலில் இழப்பது உடலுறுப்பு. 17ஆம் நூற்றாண்டிலிருந்தே அவர்கள் அதிக விலையை ‘மூக்கு வழியாக’க் கொடுத்து வருகிறார்கள்: ‘பே த்ரூ த நோஸ்’. அயர்லாந்தில் வரி கட்டாதவர்களின் மூக்கை டேனியர்கள் அறுத்ததாக இதற்கு ஒரு கதை உலவுகிறது. கதைக்குச் சான்று இல்லை. 20ஆம் நூற்றாண்டு அமெரிக்காவிலோ அதே துயரத்துக்கு ‘ஒரு கையும் ஒரு காலும்’ கொடுக்க வேண்டியதாயிற்று. கையும் காலும் தெரியப் படம் வரைந்தால் ஓவியர்கள் கூடுதல் கூலி கேட்டதாக இதற்கும் ஒரு கதை உண்டு. இதற்கும் சான்று இல்லை. ஒன்று மட்டும் உறுதி: முந்நூறு ஆண்டுகளில் மூக்கு, கையும் காலுமாக ஆகியிருக்கிறது. பணவீக்கம் உறுப்புக் கணக்கையும் விட்டுவைக்கவில்லை.

கள்ளச்சந்தையில் டிக்கெட் விற்பவர் ‘ஸ்கால்ப்பர்’, அதாவது தலைத்தோலை உரிப்பவர். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ரயில் டிக்கெட்டுகளைக் கைமாற்றி விற்றவர்களுக்கு இட்ட பெயர் இது. ‘கௌஜ்’ என்பது உளியால் தோண்டுவது; ‘ஃப்ளீஸ்’ என்பது ஆட்டின் ரோமத்தைக் கத்தரிப்பது. வணிகவியல் நோக்கில் இவற்றுள் தலைசிறந்தது ‘ஃப்ளீஸ்’ என்பது இக்கட்டுரையாளர் துணிபு. தோலை உரித்தால் வாடிக்கையாளர் ஒருமுறைதான் வருவார். ரோமம் மறுபடி வளரும்; அவரும் மறுபடி வருவார்.

இயல் 2: களவியல்

இவ்வியலில் தலைவன் தலைவி இடம்பெறார்; கொள்ளையரே இடம்பெறுவர். ‘ஹைவே ராபரி’ என்பது குதிரையேறி வந்து வழிமறித்தவர்களின் நினைவு. அவர்களுள் பெயர்பெற்ற டிக் டர்பின் 1739இல் யார்க் நகரில் தூக்கிலிடப்பட்டார். அவர் தொழிலின் பெயர் மட்டும் தண்டனைக்குத் தப்பி, இன்று சுங்கச்சாவடி முதல் விமான நிலையக் காப்பி வரை எங்கும் பயன்படுகிறது.

நம் ‘பகல் கொள்ளை’க்கு உறவுமுறையானது ‘டேலைட் ராபரி’. 1696இல் இங்கிலாந்தில் ஜன்னல் வரி வந்தது. ஜன்னல் எண்ணிக்கையைப் பார்த்து வரி. மக்கள் பல ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தனர். பகல் வெளிச்சத்தையே அரசு களவாடியதால் இச்சொல் பிறந்தது என்பர். அழகான விளக்கம்; ஆனால் 1851இல் வரி ஒழிந்து நெடுங்காலம் கழித்தே இத்தொடர் அச்சில் தலைகாட்டுகிறது. 155 ஆண்டுகள் பொறுமையாக வரி கட்டிவிட்டு, அது ஒழிந்த பிறகு நிதானமாகத் திட்டுவது ஆங்கிலேயர் நாகரிகத்துக்கு ஒவ்வாததன்று. எனினும் சொல்லாய்வாளர் இதை ஏற்பதில்லை.

இயல் 3: தண்டவியல்

வசைச்சொற்கள் பெருகாத காலத்தில் ஆங்கிலேயச் சட்டத்திடம் மூன்றே மூன்று சொற்கள் இருந்தன. சரக்கு சந்தைக்கு வருமுன் வழியிலேயே மடக்கி வாங்குவது ‘ஃபோர்ஸ்டாலிங்’. சந்தையில் வாங்கி அங்கேயே கூடுதல் விலைக்கு விற்பது ‘ரீகிரேட்டிங்’. விளைச்சலை மொத்தமாக வளைத்துப் போடுவது ‘எங்குரோஸிங்’. மூன்றும் குற்றங்கள். மளிகைக்காரரைக் குறிக்கும் ‘கிரோஸர்’ என்ற சொல்லும் மொத்தக் கொள்முதலைக் குறிக்கும் அதே வேரில் முளைத்ததுதான். குற்றவாளியும் அண்ணாச்சியும் பங்காளிகள் என்பது இதனால் பெறப்படும்.

1844இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இம்மூன்றையும் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இன்றைய கலிபோர்னியாவில், அவசரநிலை அறிவிக்கப்பட்டபின் அத்தியாவசியப் பொருளின் விலையை 10 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றினால் ‘ப்ரைஸ் கௌஜிங்’ குற்றமாகலாம். நுண்மையை நோக்குக: வாங்குபவருக்கு நீதி கிடைக்க முதலில் நிலநடுக்கமோ காட்டுத்தீயோ வந்தாக வேண்டும். சாதாரண நாளில் அதே விலைக்குப் பெயர் ‘மார்க்கெட்’.

இயல் 4: எழுவாய் இன்மை

இதுவரை கண்டவை வாங்குபவர் சொற்கள். இவற்றில் கொள்ளையனோ உளிக்காரனோ யாரோ ஒருவர் குற்றவாளியாக நிற்கிறார். விற்பவர் சொற்களில் ஆளே இல்லை. மழை நாளில் டாக்ஸி செயலி கேட்பது ‘சர்ஜ்’. கடல் பொங்குவதுபோல் விலை தானாகப் பொங்கிவிட்டது. 2024 ஆகஸ்டில் ஓயேஸிஸ் இசைக்குழுவின் மறுகூடல் நிகழ்ச்சிக்காகப் பலர் மணிக்கணக்கில் இணைய வரிசையில் காத்திருந்தனர். நின்றுகொண்டே பார்க்கும் டிக்கெட் சுமார் 150 பவுண்டு என்று நம்பி வந்தவர்களுக்கு 350 பவுண்டுக்கு மேல் விலை காட்டப்பட்டது. பக்கத்தில் விளக்கமும் இருந்தது: ‘இன் டிமாண்ட்’. அதாவது, விலை ஏறியதற்குக் காரணம் நீங்கள் வந்து நின்றதுதான். கொள்ளையர் வரலாற்றில் பறிகொடுத்தவரையே காரணமாகக் காட்டிய துணிவு டிக் டர்பினுக்கும் வாய்க்கவில்லை.

முடிவுரை

அ. ‘ஸ்கால்ப்பர்’, ‘டேலைட் ராபரி’, ‘கையும் காலும்’ ஆகிய அனைத்தும் 1844க்குப் பின் வழக்கில் பரவியவை. சட்டம் தன் சொற்களைக் கைவிட்டதும் மக்கள் வேறு சொற்களை உண்டாக்கிக்கொண்டனர். தண்டனை தேய்ந்தால் வசை வளரும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

ஆ. இச்சொற்களால் குறைந்த விலை: சுழியம். இவை அனைத்தும் பணம் கொடுத்த பிறகே வாயில் வருவதால், வியாபாரத்துக்கு எவ்வகையிலும் இடையூறு செய்வதில்லை.

இ. மேலாய்வு செய்ய விரும்புவோர் இருபது தொகுதிகள் கொண்ட ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியை வாங்கலாம். அதன் விலையைக் கேட்ட கணத்திலேயே தேட வேண்டிய சொற்கள் எல்லாம் தாமாகவே நாவில் வந்துவிடும்; ஆகவே வாங்க வேண்டியதில்லை.