தொங்குகால் இயல்: வளர்ந்த குழந்தைக்கான கழிப்பறை இருக்கை பற்றிய ஆராய்ச்சி

மாட்டுக்கு வாகடம் எழுதிய மொழி இது. குதிரைக்கும் சாத்திரம் வைத்திருக்கிறோம். நான்கு வயது நிரம்பி, டயப்பரோடு எல்.கே.ஜி. வாசலில் நிற்கும் பிள்ளையை எந்த இருக்கையில் அமர்த்தி ஆய் போகப் பழக்குவது என்பதற்கு மட்டும் நூற்பா செய்தாரில்லை. அந்த வெற்றிடத்தைக் கடைக்காரர்கள் நிரப்பிவிட்டார்கள். அவர்கள் வழிவந்த அறிஞரை மூன்று சாராராகப் பகுக்கலாம். வெஸ்டர்ன் டாய்லெட்டின் பெரிய சீட்டின் மேல் சிறு துளையுள்ள வளையம் ஒன்றைப் பொருத்தினால் போதும் என்போர் வளையவாதிகள். அந்த வளையத்துக்குப் பஞ்சு வைத்துத் தைத்திருக்க வேண்டும் என்போர் மெத்தைவாதிகள். டாய்லெட் பக்கமே போக வேண்டாம், தரையில் தனியாக ஒரு பிளாஸ்டிக் குட்டி நாற்காலி போதும் என்போர் நாற்காலிவாதிகள். தங்களுக்குள் எவ்வளவு பூசலிட்டாலும் மூவரும் ஒன்றில் உடன்படுகிறார்கள்: சுகம் என்பது புட்டம் படும் இடத்தில் இருக்கிறது என்பதே அது. அதை மறுப்பது இக்கட்டுரை. இருக்கையின் சுகத்தைத் தீர்மானிப்பது பாதம் படும் இடமே என்பது நம் துணிபு.

அஃதென்னை எனின், சான்றுகளை மூத்ததிலிருந்து தொடங்குவோம். தாயோ பாட்டியோ தரையில் அமர்ந்து, தன் இரு பாதங்களையே பீடமாக்கிக் கைக்குழந்தையை அதில் உட்கார வைப்பது நம் வீடுகளில் நெடுங்கால வழக்கம். அந்த இருக்கைக்குப் படம் இல்லை, பாட்டு இல்லை, ஓராண்டு உத்தரவாதம் இல்லை. ஆனால் குழந்தையின் முழங்கால் இடுப்புக்கு மேலே மடிந்திருந்தது. காலுக்கு ஊன்ற இடம் இருந்தது. இப்போது அடுக்ககக் குளியலறைக்கு வருவோம். அங்குள்ள வெஸ்டர்ன் டாய்லெட்டின் இருக்கை தரையிலிருந்து ஏறத்தாழ 40 செ.மீ. உயரம். நான்கைந்து வயதுப் பிள்ளைக்கு முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை பெரும்பாலும் 30 செ.மீ.கூட இராது. எஞ்சிய தூரம் அந்தரம். மலக்குடலைப் பின்புறமாகச் சுற்றி முன்னோக்கி இழுத்துப் பிடித்திருக்கும் தசை ஒன்று உண்டு. குந்தும்போது அது தளர்ந்து வழி நேராகிறது, நிமிர்ந்து உட்கார்ந்தால் அவ்வளவாகத் தளர்வதில்லை. கால் தொங்கும் பிள்ளையோ விழுந்துவிடுவோம் என்று இரு கையாலும் சீட்டைப் பற்றித் தொடையை இறுக்குகிறது. இறுக்கிக்கொண்டே தளர்த்து என்பது யோகிகளுக்கும் கடினமான கட்டளை.

டோவ் சிகிரோவ் என்னும் இஸ்ரேலிய மருத்துவர் 2003இல் வெளியிட்ட ஆய்வும் இங்கே துணைக்கு வருகிறது. 28 பேர் மூன்று நிலைகளில் அமர்ந்து காலைக்கடனைக் கணக்கு வைத்துக் கழித்தார்கள். ஏறத்தாழ 42 செ.மீ. உயர இருக்கையில் சராசரியாக 130 விநாடி ஆயிற்று; பத்து செ.மீ. தாழ்ந்த இருக்கையில் 114, குந்தியபோது 51. அந்த 28 பேரின் அறிவியல் பற்றுக்குத் தலைவணங்கிவிட்டு மேலே செல்வோம். அவர்கள் பெரியவர்கள் ஆயிற்றே, பிள்ளைக்கு அது எப்படிப் பொருந்தும் எனின், பொருந்துவது மட்டுமன்று, மிகையாகவே பொருந்தும். அவர்களுக்கு உயர இருக்கையிலும் தரை எட்டியது. நம் ஆய்வுப்பொருளுக்கு எட்டவில்லை.

இனி மெத்தைவாதிகளின் கொள்கையைச் சற்று நின்று ஆராய வேண்டும். காகிதத்தால் துடைக்கும் நாட்டில் பிறந்த பொருள் இது. நாம் கழுவுகிறவர்கள். ஹெல்த் ஃபாசெட்டின் பீச்சலும் மக்குத் தண்ணீரும் நாள்தோறும் விழ, தையல் வழியே உள்ளே போன ஈரம் பஞ்சிலேயே குடியேறுகிறது. சில வாரங்களில் அந்த இருக்கை தன் வரலாற்றைத் தானே மணத்தால் கூறத் தொடங்கும். அடுத்து, கழுவும் கை எந்தப் பக்கமிருந்து நுழையும் என்ற வினாவை வளையத்தை வடிவமைத்தவர் தமக்குத் தாமே கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. இரண்டு வயதுப் பிள்ளையின் அளவுக்குத் துளை போட்டு, அதில் ஐந்து வயதுப் பிள்ளையை உட்கார வைத்தால் பின்னாலும் இடமில்லை, முன்னாலும் இடமில்லை. முன்னால் மூத்திரம் தெறிக்காமலிருக்க நிறுத்திய தடுப்பு வேறு. ஏறும்போதும் இறங்கும்போதும் ஆண்பிள்ளைக்கு அது எங்கே இடிக்கும் என்பதை விரிப்பின் பெருகும். வாத்து, கரடி, கார் முதலிய படங்களைப் பற்றியும் ஒரு சொல். உட்கார்ந்தவுடன் படம் உட்கார்ந்தவருக்கு அடியில் போய்விடுகிறது. ஆகவே அந்த ஓவியம் எழுந்து நிற்பவருக்கும் பணம் கொடுப்பவருக்கும் மட்டுமே உரிய கலை.

நாற்காலிவாதிகளின் கட்சியில் பாதி உண்மை இருக்கிறது. அவர்கள் நாற்காலியில் பிள்ளையின் கால் தரையில் ஊன்றும். தம்மை அறியாமலே நம் கொள்கைக்குச் சான்று கூறுகிறார்கள். இரண்டு வயதில் அது நல்ல பொருள்தான். ஐந்து வயதில் முழங்கால் மோவாயை எட்டுகிறது, எழுந்தால் நாற்காலியும் கூடவே எழுகிறது. அடியிலுள்ள சட்டியை யார் தூக்கிப் போய்க் கொட்டுவது என்பதில் குடும்ப அமைதி வேறு கெடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வளர்ந்த பிள்ளைக்கு மானம் உண்டு. தங்கைப் பாப்பாவின் வாத்து நாற்காலியில் உட்காரச் சொன்னால் அது அடக்கிக்கொள்ளும். அடக்கினால் மலம் இறுகும், இறுகினால் வலிக்கும், வலித்தது நினைவிருந்தால் மறுநாள் இன்னும் அடக்கும். இந்தச் சுழலில் விழுந்துவிட்ட பிள்ளைக்கு எந்த இருக்கையும் மருந்தாகாது. குழந்தை மருத்துவரிடம்தான் போக வேண்டும். இவ்விடத்தில் மட்டும் கட்டுரை விளையாடவில்லை.

மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு பாட்டியுடையது: நாங்கள் எந்த சீட்டில் கற்றோம்? வீட்டில் இந்தியன் டாய்லெட் இருந்தால் அவர் வென்றார், இவ்வாராய்ச்சியே வேண்டாம். ஏறி மேலே குந்தவும் இறங்கி உட்காரவும் இடம்தரும் ஆங்கிலோ இந்தியன் டாய்லெட் இருந்தாலும் பாதி வழக்கு தீர்ந்தது. விளிம்பில் பாதம் வைக்க வரிவரியாகப் பட்டை அமைத்த அந்தப் பேரறிவாளர் யாரோ, அவர் நம் பள்ளியைச் சேர்ந்தவர். இரண்டுமற்ற அடுக்ககத்தில் பாட்டியின் வாதம் உண்மையாயினும் பயன்படாது. இரண்டாம் மறுப்பு தாத்தாவுடையது: மூட்டுவலிக்காக உயரமான டாய்லெட் வைத்தோம், இப்போது அதைத் தாழ்த்தச் சொல்கிறாயா? அற்றன்று. தாழ்த்த வேண்டியது டாய்லெட் அன்று, உயர்த்த வேண்டியது தரை. பிள்ளையின் காலுக்கு அடியில் ஒரு ஸ்டூலைப் போட்டால் தாத்தாவின் உரிமைக்குப் பங்கம் வராது. ஈரத் தரையில் ஸ்டூல் வழுக்குமே எனின், அடியில் ரப்பர் வைத்தது வாங்குக. கவிழ்த்த பக்கெட்டை மாற்றாகப் பரிந்துரைக்கும் சிக்கனவாதிகளை இவ்வாராய்ச்சி வன்மையாகக் கண்டிக்கிறது. இரவில் இடறுமே எனின், டாய்லெட்டை அணைத்து நிற்குமாறு நடுவே வளைவு வெட்டிய ஸ்டூல்கள் கிடைக்கின்றன. கல்யாண மணையைப் போடலாமா என்பார்க்கு விடை: உயரம் போதாது, மரமும் ஊறிவிடும்.

வளையமே வேண்டாமா என்ற ஐயம் எஞ்சுகிறது. வேண்டும், பெரிய துளைக்குள் மடிந்து விழும் அச்சம் பொய்யன்று. பெரியவர் சீட்டுக்கும் மூடிக்கும் நடுவே குழந்தைச் சீட்டும் சேர்ந்தே வரும் மூன்றடுக்குச் சீட்டு வளர்ந்த பிள்ளைக்கு ஏற்றது. அது அசையாது, வாத்தும் இராது. வாங்குமுன் உங்கள் டாய்லெட்டின் வடிவத்தையும், பின்னால் திருகு போடும் இரு துளைகளின் இடைவெளியையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வடிவம் மாறினால் கடைக்குத் திரும்ப நடப்பது உங்கள் கால்தான். பிறகு தரையிலிருந்து சீட்டின் உயரத்தை அளவுநாடாவால் அளந்துகொள்ளுங்கள். பிள்ளையின் முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை அளந்து, சீட்டின் உயரத்திலிருந்து கழியுங்கள். முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயர்ந்து நிற்க நான்கைந்து செ.மீ. கூட்டுங்கள். வருகிற எண்தான் ஸ்டூலின் உயரம். பெரும்பாலும் 15க்கும் 20க்கும் இடையில் நிற்கும். வளையம் எந்த நிறம் என்பதை மட்டும் பிள்ளையே முடிவு செய்யட்டும்.