72,000: உதவித்தொகை விண்ணப்ப இலக்கியம் குறித்து ஒரு முன்னாய்வு

தமிழில் சிற்றிலக்கியம் 96 வகை என்பது மரபு. பிள்ளைத்தமிழ், உலா, தூது, பள்ளு, குறவஞ்சி என்று எண்ணிக்கொண்டே போனவர்கள் 97-ஆவது வகையைக் கண்டுகொள்ளவில்லை. ஆண்டுதோறும் கல்லூரி திறந்த சில வாரங்களில் தமிழ்நாடு முழுக்க இயற்றப்பட்டு, 200 கேபிக்குள் சுருக்கப்பட்டு, இணையத்தில் ஏற்றப்படும் உதவித்தொகை விண்ணப்பமே அது. இலக்கணம் கேட்டால் எல்லாம் இருக்கிறது. பாட்டுடைத் தலைவர் மாணவரின் தந்தை. மற்ற சிற்றிலக்கியங்களில் தலைவனின் செல்வம் பாடப்படும், இதில் வறுமை பாடப்படும், வேறுபாடு அவ்வளவுதான். அழுகை பிறக்கும் இடங்கள் நான்கு என்ற தொல்காப்பியர், வறுமையை அவற்றுள் கடைசியாக வைத்தார். வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போயிருந்தால் வரிசையை மாற்றியிருப்பார்.

இவ்வகையின் தோற்றுவாயைத் தேடிப் போனால் பத்துப்பாட்டில் நிற்போம். அதில் பாதி, அதாவது ஐந்து நூல்கள், ஆற்றுப்படை. பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவர், எதிரே வரும் பசித்தவரிடம் ‘இந்த வழியே போ, இன்னாரைப் பார், இப்படிச் சொல்’ என்று அனுப்பிவைப்பது. இன்று அந்தப் பணியைச் செய்பவர் மூன்றாமாண்டு சீனியர். விடுதி மாடிப்படியில் உட்கார்ந்து அவர் முதலாமாண்டு மாணவருக்குச் சொல்வது அப்படியே ஆற்றுப்படை அமைப்பில் இருக்கும்: “முதல்ல யூமிஸ் நம்பர் வாங்கு. செக்‌ஷன்ல ரெண்டு பேர் இருப்பாங்க, கண்ணாடி போட்ட மேடம்கிட்டப் போ. சாப்பாட்டு நேரத்துல போயிடாத. ‘ஃப்ரெஷ்’தான் கொடுக்கணும், ‘ரினியூவல்’ அமுக்கிட்டா கதை முடிஞ்சது.” சங்கப் பாணனுக்கு வழியில் காடும் மலையும் இருந்தன. காடு மலையை நடந்து கடந்துவிடலாம். கடைசித் தேதி மாலையில் சர்வரை அப்படிக் கடக்க முடியாது.

சான்று முறையில் மட்டும் பழையவர்கள் நம்மிலிருந்து வேறுபட்டார்கள். குமணனிடம் போன பெருந்தலைச் சாத்தனார், தம் வீட்டு அடுப்பில் காளான் பூத்துக் கிடப்பதைச் சொன்னார். குமணன் நம்பினான். நாடிழந்து காட்டில் இருந்த அவன், கொடுக்க வேறொன்றும் இல்லாததால் தன் தலைக்கு வைத்திருந்த விலை புலவருக்காவது கிடைக்கட்டும் என்று வாளையே கொடுத்தான். அந்தக் காளான் புதியதா, எத்தனை நாள் பழையது, அடுப்பு சொந்தமா வாடகையா என்று அவன் கேட்டதாகக் குறிப்பில்லை. நிர்வாக நோக்கில் இது பெரிய ஓட்டை. அந்த ஓட்டையை அடைக்கப் பிறந்ததே வருமானச் சான்றிதழ்.

நம் ஆய்வின் மையம் இதுதான். புறநானூற்றுப் பாடல்களுக்கு எண் இருப்பதுபோல் வருவாய்த் துறைச் சான்றிதழ்களுக்கும் எண் உண்டு. சாதிச் சான்று 101, இருப்பிடச் சான்று 102, வருமானச் சான்று 103, முதல் பட்டதாரிச் சான்று 104. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டினால் 103 இயற்றத் தொடங்கலாம். கூட்டுப் படைப்பு என்பதால் கைகள் பல: மையத்துப் பையன் முதல் வரைவு எழுதுவார், கிராம நிர்வாக அலுவலர் கருப்பொருள் தருவார், வருவாய் ஆய்வாளர் செப்பம் செய்வார், வட்டாட்சியர் மின்கையொப்பத்தால் முத்திரைக் கவி ஆக்குவார். படைப்பின் உச்சம் இரண்டாம் கட்டத்தில் நிகழ்கிறது. களப்பணியில் திரும்பத் திரும்பக் கேட்கக் கிடைக்கும் உரையாடலின் பொதுவடிவம் இது:

“என்ன வேலைப்பா?”

“சென்ட்ரிங் வேலைங்க சார்.”

“மாசம் எவ்வளவு வரும்?”

“மாசக் கணக்கெல்லாம் இல்லீங்க. கான்கிரீட் போட்டா உண்டு. மழை பேஞ்சா இல்ல.”

“மழையை எல்லாம் இதுல ஏத்த முடியாதுப்பா. 72 போட்டுக்கறேன்.”

72 என்றால் ஆண்டுக்கு 72,000 ரூபாய். கொத்தனார், பூக்கட்டுபவர், லோடு ஆட்டோ ஓட்டுபவர், பிறர் நிலத்தில் களையெடுப்பவர் எனத் தொழில் எதுவானாலும் சான்றிதழில் அடிக்கடி வந்து நிற்கும் எண் இதுவே. ஏன் 72,000? இரு விளக்கங்கள் சாத்தியம். யோக மரபும் சித்தர் மரபும் மனித உடலில் 72,000 நாடிகள் ஓடுவதாகச் சொல்கின்றன; ஆக, நாடிக்கு ஒரு ரூபாய் வீதம் ஓராண்டு உயிர் தாங்க வேண்டிய தொகை. இது முதல் விளக்கம். 2009-இல் வந்த உயிர்காக்கும் உயர் சிகிச்சைக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமான வரம்பை 72,000 என்று வைத்தது. 2012-இல் வந்த முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமும் அதையே பின்பற்றியது. அந்த எண் அலுவலக மேசைகளில் ஒட்டிக்கொண்டது. இது இரண்டாவது. காப்பீட்டு வரம்பு பிறகு 1,20,000 ஆகிவிட்டது. ஆனால் இலக்கியத்தில் ஒருமுறை நிலைபெற்ற மரபுத்தொடர் அரசாணைக்கெல்லாம் அசையாது. ஆய்வாளனின் முடிபு: இரண்டாம் விளக்கம் சரி, முதல் விளக்கம் அழகு.

இதைப் பொய்க் கணக்கு என்று சிலர் இகழ்வதுண்டு. அவர்களுக்குக் கவிதை தெரியாது, கூலி வேலையும் தெரியாது. 72,000-ஐ 12-ஆல் வகுத்தால் மாதம் 6,000. 365-ஆல் வகுத்தால் நாளுக்கு 197 ரூபாய்ச் சொச்சம். இன்று 900, நாளை இல்லை, நாளை மறுநாள் மேஸ்திரி அடுத்த வாரம் தருகிறேன் என்றார், அதற்கடுத்த நாள் கோயில் கொடை என்று போகிற வருமானத்தை ஒரே எண்ணில் எழுதச் சொன்னால் எந்த எண்ணும் புனைவாகத்தான் இருக்கும். படிவத்தில் ‘ஆண்டு வருமானம்’ என்ற கட்டம் சம்பளக்காரரை மனத்தில் வைத்துப் போடப்பட்டது. சம்பளம் இல்லாதவர் அதை நிரப்ப இலக்கியத்தின் துணை வேண்டியிருக்கிறது. மறுபக்கம், சம்பளக்காரருக்குப் புனைவுக்கு இடமே இல்லை. அவருடைய சம்பளச் சீட்டு 2,51,000 என்று சொன்னால் அது 2,51,000-தான். பிற்படுத்தப்பட்டோருக்கும் பட்டியல் இனத்தவருக்குமான மேற்படிப்பு உதவித்தொகையின் வரம்பு 2,50,000 என்பதால், அந்த ஆயிரம் ரூபாயில் அவர் செல்வந்தர் ஆகிவிடுகிறார்.

ஆனால் முழுச் செல்வந்தர் ஆகிவிட்டார் என்றும் சொல்ல முடியாது. கல்விக் கடனுக்கான மத்திய வட்டி மானியத்தின் வரம்பு 4,50,000. அங்கே போனால் அவர் மறுபடி ஏழை. 2019-ஆம் ஆண்டின் 103-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தையொட்டி வந்த பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் ஒதுக்கீட்டில் வரம்பு 8,00,000. அங்கே 7,90,000 வாங்குபவரும் நலிந்தவர். ஆக, ஒரே வீட்டில், ஒரே மாதத்தில், எந்த இணையதளம் திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரு மனிதர் ஏழையாகவும் பணக்காரராகவும் மாறி மாறித் தோன்றுகிறார். நாட்டில் ஒரு வறுமைக் கோடு இருப்பதாகப் பொருளியல் நூல்கள் சொல்வது பழைய கருத்து. இருப்பது கோடு போட்ட நோட்டு.

கல்விக் கடன் தனித் துறை. ஓர் அடையாளத்தைச் சொல்லி நகர்கிறேன். உதவித்தொகைக்கு அப்பாவால் கட்ட முடியாது என்று நிறுவ வேண்டும். கடனுக்கு அதே அப்பாவால் கட்ட முடியும் என்று நிறுவ வேண்டும். இரண்டு விண்ணப்பமும் பெரும்பாலும் ஒரே வாரத்தில் போகும், ஒரே ஜெராக்ஸ் கடையிலிருந்து.

இனி 104. பட்டதாரியே இல்லாத குடும்பத்திலிருந்து தொழிற்படிப்புக்குக் கலந்தாய்வு மூலம் வரும் முதல் ஆளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை என்பது 2010-11 கல்வியாண்டில் தமிழ்நாடு கொண்டுவந்த நல்ல ஏற்பாடு. பல பொறியாளர்களை அது உண்டாக்கியிருக்கிறது. தத்துவ நோக்கில்தான் சிக்கல். இருப்பதை நிறுவலாம், இல்லாததை எப்படி நிறுவுவது? மணிமேகலையில் சமயக் கணக்கர் தந்திறம் கேட்ட காதை, வியாசர் வழியில் பத்து அளவைகளைச் சொல்கிறது. அவற்றுள் ஒன்று அபாவம், இன்மையை அறியும் வழி. மடங்களில் வாதிட்டுத் தீராத இந்த அளவையை, நம் கிராம நிர்வாக அலுவலர் ரேஷன் கார்டையும் அண்ணனின் மாற்றுச் சான்றிதழையும் புரட்டி அரைமணி நேரத்தில் முடிக்கிறார். அண்ணன் விஷயத்தில்தான் நுட்பம் தேவைப்படுகிறது. நான்கு அரியர் வைத்திருக்கும் அண்ணன் பட்டதாரியா? அரியர் தீரும்வரை அல்லர். அப்படியானால் தங்கைக்குச் சான்று உண்டா? அண்ணன் அதே சலுகையில் சேர்ந்திருந்தால் இல்லை, ஏனெனில் வீட்டுக்கு ஒருவருக்குத்தான். பட்டமும் வராமல் முதல் பட்டதாரியாகவும் இருந்துவிட்ட அண்ணனைத் தங்கை அதன்பின் பார்க்கும் பார்வை தொல்காப்பிய மெய்ப்பாடு எட்டில் வெகுளியைச் சேரும்.

அடுத்தது பாடபேதம். உ.வே.சாமிநாதையர் ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டுச் சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்தபோது பட்ட பாட்டை, இன்று ஒவ்வொரு பதினெட்டு வயதுக்காரரும் தம் பெயரை வைத்துப் படுகிறார். செல்வராஜ் மகள் கார்த்திகா என்று ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். மதிப்பெண் சான்றிதழ்ச் சுவடியில் ‘எஸ். கார்த்திகா’. வங்கிச் சுவடியில் ‘கார்த்திகா எஸ்’. ஆதார்ச் சுவடியில் ‘கார்த்திகா செல்வராஜ்’. அரசிதழில் பெயர் மாற்றியவர் அல்லர் இவர். மூன்று அலுவலகங்களில் மூன்று பேர் தட்டச்சு செய்தார்கள், அவ்வளவே. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் வைத்து வாழ்ந்த சமூகத்திடம் குடும்பப்பெயர் கேட்கும் கணினி, மூன்று கார்த்திகாக்களைப் பார்க்கிறது. மூவரும் ஏழைகள். ஆனால் ஒருவருடைய வறுமை இன்னொருவருடைய கணக்குக்குச் செல்லாது. எது மூலபாடம் என்று முடிவு செய்ய ஆதார் மையம் போக வேண்டும். போக முன்பதிவு செய்தால் ஓடிபி வரும். அது அப்பாவின் போனுக்கு வரும். அப்பா ஐந்தாவது மாடியில் கம்பி கட்டிக்கொண்டிருப்பார்.

“அப்பா, மெசேஜ் வந்திருக்கும் பாருங்க. ஆறு நம்பர்.”

“பத்து மெசேஜ் இருக்கு கண்ணு. எதைச் சொல்ல?”

அதற்குள் நேரம் கடந்துவிடும்.

இவ்வளவும் கடந்து பணம் வருகிறது. எங்கே வருகிறது என்பது அடுத்த ஆய்வு. ஆதார் வழியே அனுப்பப்படும் தொகை, கடைசியாக ஆதாரோடு இணைத்த வங்கிக் கணக்குக்குப் போகும். மாணவர் படிவத்தில் எழுதிய கணக்குக்கே வரும் என்ற உறுதி இல்லை. அதியமான் தன்னை நேரில் பாராமல் கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் மறுத்த செய்தி புறநானூற்றில் உண்டு. முகம் பாராத பரிசில் அவருக்கு வணிகமாகப் பட்டது. இன்றைய முறை முழுவதும் முகம் பாராத முறைதான். ஆயினும் அதன்பொருட்டு எந்த மாணவரும் தொகையைத் திருப்பி அனுப்பியதாகத் தெரியவில்லை. தாமதம் குறித்தும் ஓர் ஆவணச் சான்று கிடைக்கிறது. இரண்டாண்டு பரிவர்த்தனை இல்லாத கணக்கை வங்கி செயலற்றது என்று ஒதுக்கிவிடும். ஆனால் உதவித்தொகைக்காகத் தொடங்கிய கணக்கை அப்படி ஒதுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2024 ஜனவரியில் சுற்றறிக்கை விட்டது. உதவித்தொகை வர இரண்டாண்டுக்கு மேலும் ஆகலாம் என்பதை நாட்டின் தலைமை வங்கியே ஒப்புக்கொண்டதாக இதை நாம் வாசிக்கலாம். வேறு வாசிப்புகளும் உண்டு, அவை சுவையற்றவை.

புதுப்பித்தல் பற்றி ஒரு சொல். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கிடைத்த உதவித்தொகையை, ஆங்கிலத்தில் தேறாமல் இழந்தவர் சீனிவாச ராமானுஜன். பிறகு 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. அவரும் தந்தார். வருகைப் பதிவு சதவீதத்தை அப்போது கேட்டிருந்தால் கணித வரலாறு சற்று மெலிந்திருக்கும்.

இத்துறைக்கு இப்போது ஓர் ஆபத்து வந்திருக்கிறது என்பதை வருத்தத்தோடு பதிவு செய்ய வேண்டும். ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு உதவிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டத்தை மாற்றியமைத்து, 2022 செப்டம்பர் 5 அன்று புதுமைப் பெண் திட்டம் தொடங்கப்பட்டது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரி சேர்ந்த பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். 2024 ஆகஸ்டில் ஆண்களுக்கும் தமிழ்ப் புதல்வன் என்று வந்தது. இவற்றுக்கு வருமான வரம்பு இல்லை. எங்கே படித்தாய் என்று மட்டும் கேட்கிறார்கள்; அதற்குப் பள்ளிப் பதிவேடே விடை சொல்லிவிடுகிறது. அப்பாவின் மழைநாட்களை யாரும் கணக்கிடுவதில்லை, 103 இயற்றப்படுவதில்லை, காளான் தேவைப்படுவதில்லை. எல்லாத் திட்டங்களும் இப்படி ஆகிவிட்டால் 97-ஆவது சிற்றிலக்கியம் அழியும்; அழியட்டும் என்பதே ஆய்வாளனின் கட்சி.

அதுவரை வாசகருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருந்தால், இக்கட்டுரையை மூடிவிட்டு ஆதார் அட்டையையும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழையும் வங்கிப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இனிஷியல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பொதுத்தேர்வுப் பெயர்ப் பட்டியல் பள்ளியை விட்டுப் போகும் முன்பே தலைமையாசிரியரிடம் சொல்லிவிடுங்கள். வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும். அதை மட்டும் இப்போதே எடுத்து வைக்க வேண்டாம்.