முக்கால் அங்குலச் சாய்வு

உயர்ந்து நிற்பதற்கென்றே பெருந்தொகை கொடுத்து எஸ்.யு.வி. வாங்கிய என் நண்பர், அது மிதமிஞ்சி உயர்ந்திருப்பதாக மனம் நொந்து, மேலும் ஒரு தொகை செலவிட்டுக் குட்டை ஸ்பிரிங் மாட்டிக்கொண்ட வைபவம் இனிதே முடிந்த மறுநாள், வண்டி இடப்பக்கம் முக்கால் அங்குலம் சாய்ந்து, நிலைக்கு வராத கோயில் தேர்போல நின்றது. தரை மட்டமா, டயரில் காற்றுச் சமமா என்று பாராமல் அவர் ஸ்பிரிங்கைச் சபித்துக்கொண்டிருக்க, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை நாடா பிடித்து அளந்த கிழ மெக்கானிக், "ஜாக்கில தொங்கறப்பவே வலப்பக்கத்து ஆர்ம் போல்டை முறுக்கிட்டான் சார், ரப்பர் புஷ் இறங்கமாட்டேன்னு அடம்பிடிக்குது" என்றார். போல்டைத் தளர்த்தி, வண்டியைத் தரையில் நிறுத்தி, நாலு முறை அமுக்கிக் குலுக்கி மறுபடி இறுக்கினார், சாய்வு போயிற்று. திரும்பும் வழியிலிருந்த முதல் வேகத்தடையிலேயே வயிறு உரசியது. நண்பர் இப்போது உயரமான ஸ்பிரிங்குக்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.