நிபுணர் ஆகும் வழி: அமைச்சுக்கு ஒரு விளக்கக் கடிதம்

பெறுநர்: சுகாதார அமைச்சு, புத்ராஜெயா
பொருள்: நிபுணத்துவப் பயிற்சிக்கு இளம் மருத்துவர்கள் விண்ணப்பிக்கும் போக்கு

மலேசியாவில் மருத்துவப் பட்டதாரி நிபுணர் ஆக இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, மலாயா பல்கலைக்கழகம், யுகேஎம், யுஎஸ்எம் முதலியவை நடத்தும் முதுகலைப் படிப்பு. பெரும்பாலும் 4 ஆண்டு; அரசு உபகாரச் சம்பளமும் உண்டு. மற்றது ‘பேரலல் பாத்வே’: அரசு மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே பிரிட்டன் ராயல் கல்லூரிகளின் தேர்வுகளை எழுதுவது. முன்பு முதலாவது ராஜபாட்டை, இரண்டாவது சந்து. இன்று சந்தில்தான் நெரிசல். இந்தச் சாதனைக்கான பாராட்டு அமைச்சையே சேரும்.

2016 டிசம்பரில் இளம் மருத்துவர்களுக்கு நிரந்தரப் பணிக்குப் பதில் ஒப்பந்த நியமனம் வந்தது. நிரந்தரப் பணி இல்லாதவருக்கு உபகாரச் சம்பளம் எட்டாக்கனி ஆயிற்று. 2021 ஜூலை 26இல் ஒப்பந்த மருத்துவர்கள் இதை எதிர்த்து நாடெங்கும் வார்டுகளை விட்டு வெளியே வந்து நின்றனர். அதற்குச் சில நாள் முன்பே, நிபுணத்துவம் படிப்போருக்கு ஒப்பந்தம் அதிகபட்சம் 4 ஆண்டு நீட்டிக்கப்படும் என்று அரசு அறிவித்திருந்தது. படிப்பும் 4 ஆண்டு, ஒப்பந்தமும் 4 ஆண்டு. பட்டமும் பணிமுடிவும் கைகோத்து வரும் இந்தக் கணக்கு அழகானது.

பினாங்கில் இளம் மருத்துவர்கள் ‘பேரலல் பாத்வே’யை நாடுவது இந்தக் கணக்கின் விளைவே. ஜார்ஜ்டவுன் செப்பாய் லைன்ஸில் 1996இல் தொடங்கிய பினாங்கு மருத்துவக் கல்லூரி, இப்போது டப்ளினின் ஆர்சிஎஸ்ஐ, யுசிடி கல்வி நிலையங்களின் வளாகம். டப்ளினில் பாதி, பினாங்கில் மீதி என்று படிப்பவர்களுக்கு அயல்நாட்டுத் தேர்வு அச்சமூட்டாது. ராயல் கல்லூரிகளின் எம்ஆர்சிபி தேர்வின் முதல் பகுதியைப் பட்டம் பெற்று 12 மாதம் ஆனாலே எழுதலாம். 2 தாள், தாளுக்கு 3 மணி நேரம், 100 கேள்வி. ஆகவே ஜாலான் ரெசிடென்சி பொது மருத்துவமனையின் இரவுப் பணியில், ரத்தம் எடுப்பதற்கும் டிஸ்சார்ஜ் எழுதுவதற்கும் இடையே கைப்பேசியில் கேள்விவங்கி திறக்கிறது. சம்பளம் ரிங்கிட்டில், தேர்வுக் கட்டணம் பவுண்டில். எழுத்துத் தேர்வின் இரண்டு பகுதிகளையும் தாண்டினால், நோயாளிகளைச் சோதித்துக் காட்டும் பேசஸ்.

சந்தின் முனையில் பூட்டு இருப்பது பிறகுதான் தெரிந்தது. 2017 ஜூலை முதல், நிபுணர் பதிவேட்டில் பெயர் ஏறாதவர் நிபுணராகத் தொழில் செய்ய முடியாது. அமைச்சின் மருத்துவமனைகளிலேயே பயின்று, எடின்பரோ ராயல் கல்லூரியின் எஃப்ஆர்சிஎஸ் தகுதி பெற்ற இதய அறுவை மருத்துவர்களை, அந்தப் பதிவேட்டை வைத்திருக்கும் மலேசிய மருத்துவ மன்றம் ஏற்க மறுத்தது. அந்த மன்றத்தின் தலைவர், அமைச்சின் சுகாதாரத் தலைமை இயக்குநரே. வலக்கை பயிற்றுவித்ததை இடக்கை நிராகரித்த இந்த நிர்வாக நுட்பம் நீதிமன்றம் வரை போனது. 2024 ஜூலையில் மக்களவை மருத்துவச் சட்டத்தையே திருத்திய பிறகுதான் பூட்டு திறந்தது.

மூன்றாவது வழி இக்கடிதத்துக்கு அப்பாற்பட்டது. அது ஜொகூர் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போகிறது.

ஆகவே, எந்தத் தகுதி பதிவேட்டில் ஏறும், எது ஏறாது, படித்து முடித்தவருக்கு நிரந்தரப் பணி உண்டா என்பதை, மருத்துவர்கள் விண்ணப்பிக்கும் முன்பே எழுத்தில் அறிவிக்குமாறு அமைச்சு கேட்டுக்கொள்ளப்படுகிறது.