கோம்பைச் சில்லு றெயிலுக்கு ஆண்டுவிழா எடுக்கும் முறை

விளையாட்டு றெயில் செய்யும் வெளிநாட்டுக் கொம்பனிகள் ஆண்டுவிழா எடுக்கும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். பழைய பெட்டிக்குப் புதுநிறம் பூசி, பக்கவாட்டில் ஆண்டைப் பொறித்து, 'இத்தனைதான் செய்தோம்' என்ற சான்றிதழோடு விலையைக் கூட்டி விற்பார்கள். 1920இல் றெயில் செய்யத் தொடங்கிய இங்கிலாந்தின் ஹோர்ன்பி 2020இல் நூற்றாண்டுப் பதிப்புகளை இறக்கியது. 1859இல் பிறந்த ஜேர்மனியின் மார்க்ளினுக்கு 150 வயதான 2009இல், பெப்ரவரி மாதமே கடன் கட்ட வழியில்லாமல் நீதிமன்றம் ஏற வேண்டி வந்தது. கலியாணத்துக்குப் போட்ட பந்தலில் செத்தவீடு நடந்த மாதிரி. ஆனாலும் கொம்பனி பிழைத்துக்கொண்டது.

யாழ்ப்பாணத்துக் கொம்பனியின் கதை வேறு. தலைமையகம் வளவின் பின்பக்கம். பணிப்பாளர் சபையில் பத்து வயதுக்கு மேல் அநேகமாக ஒருவரும் இல்லை. நுங்கு குடித்த கோம்பை இரண்டு, அவற்றை ஊடுருவும் தடி ஒன்று, தள்ளுவதற்கு நீளமான கவர்த்தடி ஒன்று, மூலதனம் அவ்வளவே. பச்சைக் கோம்பை முதல்நாள் உருண்டு ஓடும். வெயிலில் கிடந்தால் கறுத்துச் சுருங்கித் துளை பெருத்துச் சில்லு ஆடும். அதன் கயர் சட்டையில் பட்டால் எந்தச் சவர்க்காரத்துக்கும் மசியாது. பேச்சு வாங்குவது பணிப்பாளர்.

இங்கே பரபக்கத்தார் எழுந்து, 'அது வண்டிலேயொழிய றெயில் அன்று' என்பர். அற்றன்று. தள்ளுபவனின் சட்டையைப் பிடித்து ஒருவன், அவன் சட்டையைப் பிடித்து இன்னொருவன் என்று நாலு பேர் கூவிக்கொண்டு ஒழுங்கையால் ஓடும்போது அது றெயிலே என்க. பெட்டிகள் தாமாகவே ஓடுவது இதன் தனிச்சிறப்பு. மார்க்ளினால் இன்றுவரை முடியாதது.

அற்றேல், தொடங்கிய ஆண்டு எது? கோம்பை வண்டில் பழையது. அது றெயிலாக வேண்டுமானால் பார்த்துச் செய்ய ஒரு றெயில் வேண்டும். காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே பாதை திறந்தது 1902 மார்ச்சில். கொழும்போடு பாதை இணைந்தது 1905இல். அதுவரை குடாநாட்டுக்குள்ளேயே ஓடிய குட்டி றெயில் அது என்பதால், விளையாட்டு றெயிலின் பிறப்பாண்டாக 1902ஐக் கொள்வதே முறை. 1956இல் வந்த யாழ்தேவி என்ற கொழும்பு றெயிலை ஆதாரமாகக் கொள்வோரும் உளர். அவர்கள் கணக்கு வழியில் நின்றுவிடுகிறது. போரால் 1990 யூனோடு யாழ்ப்பாணத்துக்கு றெயில் இல்லை. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போயின. 2006இல் யாழ்தேவிக்குப் பொன்விழா வயது. யாழ்ப்பாணத்தில் அதற்கு ஒரு முழத் தண்டவாளம் உருப்படியாக இல்லை. அந்த ஓகஸ்டில் ஏ9 தரைப்பாதையும் மூடப்பட்டது. மறுபடி றெயில் வந்தது 2014 ஒக்ரோபர் 13இல்.

இந்த இருபத்துநாலு ஆண்டும் குடாநாட்டில் விடாது ஓடியது கோம்பைச் சில்லு றெயில் ஒன்றே. பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரிக்குத் தடை இருந்தது. பற்றரியில் ஓடும் ஜப்பான் றெயில் வைத்திருந்தவன் அதைக் கண்ணாடி அலுமாரியில் பூட்டினான். நுங்குக்குத் தடை போட ஒருவருக்கும் தோன்றவில்லை. உண்மையான றெயிலைக் கண்ணால் காணாத பிள்ளையும் அதே கூவலைக் கூவியது. யாரிடம் கற்றது என்பது தனி ஆய்வுக்குரியது.

1902 என்றால் நூற்றாண்டு 2002. அந்த ஆண்டு ஏ9 பாதை திறந்த பரபரப்பில் தவறிவிட்டது. அடுத்தது 2027, நூற்றிருபத்தைந்து. யாழ்ப்பாணத்தில் விழா என்றால் மலர் வேண்டும். மலர் என்றால் ஆசியுரை ஒன்று, வாழ்த்துரை பதினொன்று, தொழிலதிபரின் விளம்பரம் உள்ளட்டையில். பொன்நிறம் பூசிய கோம்பையை விற்க முடியாது. மை காயும் முன் சுருங்கிவிடும், மாடும் தின்னும். ஆகவே விழாவன்று நுங்கு வெட்டி, குடித்து, அங்கேயே சில்லு பூட்டி ஓட்டுவதே ஏற்றது. சிக்கல் ஒன்றுதான். மார்ச்சில் நுங்கு தட்டுப்பாடு. நாளைத் தள்ளிப்போட்டு நுங்குக் காலத்தில் வைக்கலாம் என்று விழாக் குழு தீர்மானித்துள்ளது. பணிப்பாளர்களுக்கு அப்போது தவணைப் பரீட்சை.